ரேடியோ ரஹீமோட கழுத்தும் சாலோட கடையும்

"சினிமாவும் ராப்பும் அமெரிக்காவுல கறுப்பின மக்களோட நிலைமைய நிஜமாவே மாத்துச்சா, இல்ல டீ-ஷர்ட் விக்கத்தான் உதவுச்சா"ன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டுந்தான்னு ஒத்த வரியில சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா அது நழுவுற பதில். அதனால ஒரே ஒரு படத்தையும் ஒரே ஒரு பாட்டையும் கையில எடுத்துக்கறேன். படம், கறுப்பின இயக்குனர் ஸ்பைக் லீ எடுத்த 'டூ தி ரைட் திங்', 1989. பாட்டு, அந்தப் படத்துக்காகவே பப்ளிக் எனிமிங்கிற ராப் குழு பண்ணிக் குடுத்த 'ஃபைட் தி பவர்'. இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சுன்னு பாத்தாலே உங்க கேள்விக்கு முக்காவாசி பதில் கெடச்சிடும். நீளமாத்தான் போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல என் மானத்த நானே வாங்கிக்கறேன். காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப யாரோ பென் டிரைவ்ல குடுத்தாங்க, சப்டைட்டில் ரெண்டு செகண்டு பிந்தி வர்ற பிரிண்ட்டு. படம் முடிஞ்சதும் ரூம்மேட்டுகிட்ட நான் கேட்ட மொத கேள்வி, "டேய், அந்த மூக்கிப் பய தனக்குச் சம்பளம் குடுக்குற மொதலாளி கடை மேலயே ஏன்டா குப்பைத்தொட்டியத் தூக்கி எறியறான்?" இதத்தான் கேட்டேன். ரொம்ப நாள் கழிச்சுதான் ஸ்பைக் லீ பேட்டிகள்ல திரும்பத் திரும்ப சொல்ற ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு: மூக்கி செஞ்சது சரியான்னு அவர்கிட்ட கேக்குறவங்க எல்லாருமே வெள்ளக்காரங்கதானாம், கறுப்பினத்தவர் ஒருத்தர் கூட அந்தக் கேள்வியக் கேட்டதே இல்லையாம். சுருக்குன்னு இருந்துச்சு. படத்துல ஒரு ஆளையே போலீஸ் கொன்னு போட்டிருக்கு, நான் கவலப்பட்டது கடைக் கண்ணாடிக்கு.

பாக்காதவங்களுக்காக கதை. நியூயார்க், புரூக்ளின்ல பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட்னு ஒரு ஏரியா, எல்லாரும் பெட்-ஸ்டை-ன்னு சொல்வாங்க, அங்க ஒரே தெரு, அந்தக் கோடையிலேயே ரொம்ப சூடான ஒரு நாள். இத்தாலிய வம்சாவளி சால், 25 வருஷமா அங்க பீட்சா கடை வச்சிருக்கார். அவர்கிட்ட பீட்சா டெலிவரி வேலை பாக்குற கறுப்பினப் பையன்தான் மூக்கி. சாப்பிட வர்றவங்க பெரும்பாலும் கறுப்பின மக்கள்தான், ஆனா கடைச் செவுத்துல மாட்டியிருக்குற போட்டோ எல்லாம் இத்தாலிய அமெரிக்க ஸ்டார்களோடது. பக்கின் அவுட்-னு ஒரு பையன் கேக்குறான், எங்க காசுல நடக்குற கடையில எங்காளு ஒருத்தர் படம் கூட இல்லையேன்னு. சால் சொல்றாரு, கடை என்னோடது, உனக்குன்னு ஒரு கடை தொறந்தா நீ யாரு படத்த வேணாலும் மாட்டிக்கோ. அவ்வளவுதான் சண்டை, ஒரு செவுத்துல யாரு படம்ங்கிறதுதான். நம்மாளுங்களுக்கு இந்த இடத்துல 'மெட்ராஸ்' படத்துச் செவுரு ஞாபகம் வராம இருக்காது, ஆனா அந்த ஒப்பீட்ட இப்ப இழுத்தா திசை மாறிடும், விட்டுடறேன்.

ரேடியோ ரஹீம்னு ஒருத்தன் வர்றான். ஆறடிக்கு மேல உயரம், தோள்ல ஒரு பெரிய பூம்பாக்ஸ், நம்ம ஊர்ல டூ-இன்-ஒன்னு சொல்வோமே அதோட பெரியண்ணன். அதுல நாள் பூரா ஒரே பாட்டுதான் ஓடுது, 'ஃபைட் தி பவர்'. ஒரு சீன்ல வாசப்படியில உக்காந்திருக்குற போர்ட்டோ ரிக்கோ பசங்களோட டேப்புக்கும் இவனோட டேப்புக்கும் சத்தப் போட்டி நடக்கும், அவங்க சல்சாவ ஏத்த, இவன் ராப்ப ஏத்த, கடைசியில அவங்க சிரிச்சுக்கிட்டே தோத்துப்போறாங்க. இன்னொரு சீன்ல கொரியன் தம்பதியோட கடையில போய் 20 டி சைஸ் பேட்டரி கேப்பான், பேச்சு புரியாம ரெண்டு பக்கமும் கத்திக்குவாங்க. சிரிப்பாதான் இருக்கும். அந்த 20 பேட்டரிதான் ராத்திரி சால் கடைக்குள்ள அந்த டேப்ப அலற விடும், சால் பேஸ்பால் மட்டைய எடுத்து டேப்ப ஒடச்சு நொறுக்குவார், கைகலப்பாகும், போலீஸ் வரும், ஒரு போலீஸ்காரர் தன்னோட தடிய ரஹீம் கழுத்துக்குக் குறுக்க வச்சு பின்னாலருந்து தூக்குவார். ரஹீமோட ஷூ தரையில படாம ஆடுறத மட்டும் கேமரா காட்டும். அப்பறம் அந்த ஆட்டம் நிக்கும். செத்த ஆள உதச்சு, நடிக்காத எழுந்திருன்னு சொல்லிட்டு, உடம்ப வண்டியில அள்ளிப் போட்டுக்கிட்டுக் கெளம்பிடுவாங்க. அதுக்கப்பறம்தான் மூக்கி குப்பைத்தொட்டியத் தூக்குறான். தீ வைக்கிறது அதுக்கும் பின்னாடி.

இதுல எதுவும் ஸ்பைக் லீ கற்பனை பண்ணினது இல்லங்க. பேஸ்பால் மட்டை ஏன், பீட்சா கடை ஏன், கழுத்து ஏன், எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு எஃப்.ஐ.ஆர் இருக்குன்னே சொல்லலாம்.

1986 டிசம்பர் 19 ராத்திரி, பெட்-ஸ்டைல குடியிருந்த மைக்கேல் கிரிஃபித், 23 வயசு, டிரினிடாட்ல பொறந்தவர், நண்பர்களோட வந்த கார் நியூயார்க்லயே குயின்ஸ் பக்கம் ரிப்பேராகி நின்னுடுது. உதவி கேக்க நடந்து ஹோவர்ட் பீச்னு ஒரு வெள்ளக்காரங்க ஏரியாவுக்கு வந்து, அங்க ஒரு பீட்சா கடையில நுழையறாங்க. வெளிய வந்ததும் வெள்ளக்காரப் பசங்க கூட்டம் ஒண்ணு பேஸ்பால் மட்டையோட வெரட்டுது. தப்பிக்க ஓடுன கிரிஃபித் ஹைவேயில கார் மோதி செத்துப்போறார். படத்துல கலவரம் நடக்கும்போது கூட்டம் "ஹோவர்ட் பீச், ஹோவர்ட் பீச்"னு கத்துறது இதுக்குத்தான், நான் மொத தடவ பாத்தப்ப அத ஏதோ கடற்கரைன்னு நெனச்சுக்கிட்டேன்.

கழுத்து மைக்கேல் ஸ்டுவர்ட்டோடது. 25 வயசு, ஆர்ட்டிஸ்ட். 1983 செப்டம்பர் 15 விடியக்காலையில மன்ஹாட்டன் சப்வே ஸ்டேஷன் செவுத்துல கிறுக்குனார்னு டிரான்சிட் போலீஸ் புடிச்சது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும்போது கோமாவுல இருந்தார், 13 நாள் கழிச்சு உயிர் போச்சு. கேஸ்ல நின்ன ஆறு போலீஸ்காரங்களும் 1985-ல விடுதலை. அவரோட பழக்கத்துல இருந்த ஓவியர் ஜீன்-மிஷேல் பாஸ்கியா, கீத் ஹேரிங்ங்கிற இன்னொரு ஓவியரோட ஸ்டுடியோ செவுத்துல அத அப்படியே வரைஞ்சு வச்சார், நடுவுல ஒரு கறுப்பு உருவம், ரெண்டு பக்கமும் தடியோட போலீஸ். அது நானா இருந்திருக்கலாம்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தாராம். இந்த மாதிரி செவுத்துல வரையற கிராஃபிட்டியும் ஹிப்-ஹாப்போட ஒரு கை தானே. அப்ப ராப், டிஜே, டான்ஸ், கிராஃபிட்டி நாலையும் ஒரே குடும்பமாத்தான் பாத்தாங்க, அந்தக் குடும்பத்துல விழுந்த ஒரு சாவா இத எடுத்துக்கணும்.

மூணாவது எலினார் பம்பர்ஸ். 66 வயசுப் பாட்டி, நியூயார்க்கோட இன்னொரு பகுதியான பிராங்க்ஸ்ல அரசாங்கக் குடியிருப்பு, மாசம் 100 டாலருக்கும் கொறஞ்ச வாடகை, அதுல சில மாச பாக்கி. 1984 அக்டோபர்ல வீட்டக் காலி பண்ண வந்தப்ப கத்தியோட நின்னாங்கன்னு போலீஸ் ஷாட்கன்னால சுட்டுது. சுட்டவர் பின்னாடி விடுதலை ஆனார். படம் இந்த மூணு குடும்பத்துக்கும், இன்னும் மூணு குடும்பத்துக்கும் காணிக்கைன்னு கடைசியில கார்டு போடுவாங்க. ரஹீம் செத்ததும் கூட்டத்துல ஒருத்தர் "திரும்பவும் பண்ணிட்டாங்க, மைக்கேல் ஸ்டுவர்ட்டுக்குப் பண்ண மாதிரியே"ங்கிற மாதிரி சொல்லுவார். 1989-ல நியூயார்க் தியேட்டர்ல உக்காந்திருந்த ஒரு கறுப்பின ஆளுக்கு அது வசனமா கேட்டிருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்ற மாதிரி கேட்டிருக்கும்.

இப்ப பாட்டுக்கு வருவோம். ஹிப்-ஹாப் எங்க பொறந்துச்சுன்னு எல்லாரும் ஒரே எடத்துல ஆரம்பிப்பாங்க, 1973 ஆகஸ்ட் 11, பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ, டிஜே கூல் ஹெர்க்கும் அவர் தங்கச்சி சிண்டியும் வச்ச பார்ட்டி. ஸ்கூல் தொறக்கப்போகுது, புதுத்துணி வாங்க காசு தேத்தணும்னு சிண்டி போட்ட ஐடியா அது. கதை அழகா இருக்குறதால அதுக்கு முந்தின விஷயத்த மறந்துடறாங்க. பிராங்க்ஸ் நடுவுல கிராஸ்-பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வேன்னு ஒரு ஹைவேய வெட்டிப் போட்டதுல ஆயிரக்கணக்கான குடும்பங்க வீட்ட விட்டுப் போச்சு, வேலை போச்சு, 70-கள்ல இன்ஷூரன்ஸ் காசுக்காக வீட்டு ஓனர்களே கட்டடத்துக்குத் தீ வச்சாங்க, கேங் சண்டை வேற. 1971 டிசம்பர்ல சமாதானம் பேசப் போன பிளாக் பெஞ்சின்னு ஒரு இளைஞரையே அடிச்சுக் கொன்னுட்டாங்க. பழிக்குப் பழி வாங்குவாங்கன்னு ஊரே பயந்தப்ப, அவர் சேர்ந்திருந்த கெட்டோ பிரதர்ஸ் கேங் எல்லா கேங்கையும் ஹோ அவென்யூல ஒரு பாய்ஸ் கிளப்புக்குக் கூப்பிட்டு உக்கார வச்சு ஒப்பந்தம் போட்டாங்க. ஒருத்தர் ஏரியாவுக்குள்ள இன்னொருத்தர் தைரியமா போகலாம்னு ஆனதுக்கப்பறம்தான் எல்லா ஏரியா பசங்களும் ஒரே பார்ட்டிக்கு வர முடிஞ்சுது. என்னக் கேட்டா ஹிப்-ஹாப் பண்ணின மொத சமூக மாற்றம்னு இதத்தான் சொல்லுவேன், ஆனா வரிசை தலைகீழு, மாற்றம் மொதல்ல வந்துச்சு, பாட்டு அதுக்கப்பறம்.

பப்ளிக் எனிமி பிராங்க்ஸ் ஆளுங்க இல்ல, லாங் ஐலண்ட்காரங்க, சக் டி காலேஜ்ல கிராஃபிக் டிசைன் படிச்சவர். ஸ்பைக் லீ ஒரு போராட்டப் பாட்டு வேணும்னு கேட்டப்ப, 1975-ல ஐஸ்லி பிரதர்ஸ் பாடுன பாட்டோட தலைப்ப மட்டும் எடுத்துக்கிட்டு புதுசா ஒண்ணு கட்டுனாங்க. அத ஹெட்போன்ல கேட்டுப் பாருங்க, பழைய ரெக்கார்டுகள்லேருந்து துண்டு துண்டா எடுத்த சத்தங்கள அடுக்கடுக்கா போட்டிருப்பாங்க, ஜேம்ஸ் பிரவுன் ஒரு பக்கம் கத்துவார், எங்கயோ ஒரு டிரம்ஸ், அதுக்கு மேல பிரான்ஃபோர்ட் மார்சாலிஸோட சாக்ஸபோன். சந்தைக்கடை மாதிரி இருக்கும், ஆனா தாளம் ஒரு எடத்துலயும் தடுக்காது. நடுவுல பாடகர் எல்விஸ் பிரெஸ்லியையும் நடிகர் ஜான் வெய்னையும் ஒரு புடி புடிச்சிட்டு, எங்க ஹீரோக்கள்ல பெரும்பாலானவங்க எந்த தபால்தலையிலயும் இல்லன்னு ஒரு வரி வரும். கவனிச்சீங்களா, சால் கடைச் செவுத்துல பக்கின் அவுட் கேட்ட அதே கேள்வி. படமும் பாட்டும் ஒரே சண்டையத்தான் போடுது, ஒண்ணு செவுத்துக்காக, இன்னொண்ணு ஸ்டாம்புக்காக. வீடியோவ 1989 ஏப்ரல்ல பெட்-ஸ்டை தெருவுலயே நிஜ ஊர்வலம் மாதிரி கூட்டம் கூட்டி ஸ்பைக் லீதான் எடுத்தார்.

அந்தக் கோடையத்தான் நாம கூர்ந்து பாக்கணும். மே மாசம் பிரான்ஸ்ல கான் திரைப்பட விழாவுல படம் போட்டாங்க. ஜூன் 30 அமெரிக்காவுல ரிலீஸ். ரிலீசுக்கு முன்னாடியே நியூயார்க் மேகசின்ல டேவிட் டென்பியும் ஜோ கிளைனும், இந்தப் படத்தப் பாத்துட்டு கறுப்பின இளைஞர்கள் கலவரத்துல எறங்கிடுவாங்கங்கிற பயத்த எழுதுனாங்க. அந்த வருஷம் நியூயார்க் மேயர் தேர்தல், டேவிட் டின்கின்ஸ் நிக்கிறார், ஜெயிச்சா மொத கறுப்பின மேயர், இந்தப் படம் அவர் ஓட்டக் கெடுத்துடும்ங்கிறது ஜோ கிளைனோட கவலை. படம் ஓடுச்சு. எந்தத் தியேட்டர்லயும் கலவரம் நடக்கல. ரத்தம் எங்க சிந்துச்சு தெரியுமா? ஆகஸ்ட் 23, அதே புரூக்ளின்ல பென்சன்ஹர்ஸ்ட்ங்கிற வெள்ளக்காரங்க ஏரியாவுக்கு, பழைய கார் ஒண்ணு விலைக்கு வருதுன்னு பாக்கப் போன யூசுஃப் ஹாக்கின்ஸ்ங்கிற 16 வயசுப் பையன அங்க ஒரு கும்பல் சுத்தி வளைச்சு, சுட்டுக் கொன்னுட்டாங்க. கும்பல்ல பேஸ்பால் மட்டைகளும் இருந்துச்சு. படம் வந்து ரெண்டு மாசம் கூட ஆகல. அடுத்த மாசம் நடந்த கட்சி உள்தேர்தல்ல டின்கின்ஸ், மூணு தடவ மேயரா இருந்த எட் காச்ச தோக்கடிச்சு, நவம்பர்ல மேயரும் ஆயிட்டார். படத்தால ஜெயிச்சார்னு நான் சொல்ல மாட்டேன், ஹாக்கின்ஸ் சாவும் ஹோவர்ட் பீச் கோபமும் காச் மேல இருந்த சலிப்பும் சேர்ந்த கணக்கு அது. ஆனா படத்தோட கடைசியில ரேடியோ அறிவிப்பாளர் தேர்தல் வருது, பேரப் பதிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டுத்தான் அடுத்த பாட்டப் போடுவார், அத யாரும் அப்ப எழுதல. தீ எரியறத மட்டும்தான் எழுதுனாங்க.

அந்த ஆகஸ்ட்லதான் இன்னொரு கூத்து. ஆகஸ்ட் 1-ம் தேதி எஃப்.பி.ஐ உதவி இயக்குனர் ஒருத்தர் லெட்டர்ஹெட்ல ஒரு ரெக்கார்ட் கம்பெனிக்கு கடுதாசி எழுதறார். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துல காம்ப்டன்லேருந்து வந்த என்.டபிள்யூ.ஏ குழு போலீஸத் திட்டி ஒரு பாட்டுப் போட்டிருந்தாங்க, அந்தப் பாட்டு போலீஸுக்கு எதிரான வன்முறையத் தூண்டுதுன்னு. பாட்டோட பேரக் கூட கடுதாசியில போடல. ஒரு நாட்டோட புலனாய்வுத் துறை இருபது சொச்சம் வயசுப் பசங்க போட்ட பாட்டுக்கு லெட்டர் எழுதுதுன்னா, "பாட்டால ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்க கொஞ்சம் யோசிக்கணும். ஒண்ணுமே ஆகாதுன்னா ஏன் பயப்படுறாங்க? ஆனா இதோட மறுபக்கமும் இருக்கு, அந்த லெட்டர் ஆல்பத்துக்கு நல்ல விளம்பரமாப் போச்சு, கம்பெனிக்காரங்களுக்குப் புரிஞ்சுபோச்சு, கோபத்த டப்பாவுல அடைச்சா வசதியான வெள்ளக்கார வீட்டுப் பசங்களும் வாங்குவாங்கன்னு. நீங்க சொன்ன டீ-ஷர்ட் கணக்கு அங்க ஆரம்பிக்குது. 1992-ல ஸ்பைக் லீ, கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பத்தி 'மால்கம் எக்ஸ்'னு படம் எடுத்தப்ப எக்ஸ் எழுத்துப் போட்ட தொப்பி ஊரெல்லாம் பறந்துச்சு, அவரே கடை வச்சு வித்தவர்தான், அத ஒளிக்கல. அதே படத்துக்கு பட்ஜெட் பத்தாம ஸ்டூடியோ கைய விரிச்சப்ப ஓப்ரா, மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், பிரின்ஸ் இவங்கெல்லாம் திருப்பிக் கேக்காத பணமா குடுத்து முடிக்க வச்சாங்க. தொப்பியையும் இந்தப் பணத்தையும் ஒரே தட்டுல வச்சுத்தான் எடை போடணும்.

குறையும் சொல்லணும், ரசிகர் மன்றத்து ஆள் மாதிரி எழுத எனக்குப் புடிக்காது. படம் வர்ற நேரத்துல பப்ளிக் எனிமி குழுவுலயே புரொஃபசர் கிரிஃப், யூதர்களப் பத்தி அசிங்கமா ஒரு பேட்டி குடுத்து குழுவே உடையற நெலமைக்குப் போச்சு. அநியாயத்துக்கு எதிரா பாடுறவன் வேற ஒருத்தனுக்கு அநியாயம் பண்ண மாட்டான்னு எந்த உத்தரவாதமும் இல்ல. படத்துல பொம்பளைங்க கதை இன்னும் மோசம். மொத ஷாட்டே, மூக்கியோட காதலியா நடிச்ச ரோஸி பெரஸ் குத்துச்சண்டை கிளவுஸ் போட்டுக்கிட்டு அந்தப் பாட்டுக்கு மூச்சு வாங்க ஆடுறதுதான், அந்த வேகத்துக்கு நான் அடிமை, ஆனா படத்துக்குள்ள அந்தப் பொண்ணுக்கு வேலையே மூக்கியத் திட்டுறதும், அவன் அவ உடம்புல ஐஸ்கட்டி தேய்க்கிற சீனும்தான். அந்த சீன் எடுக்கும்போது தனக்கு எவ்வளவு சங்கடமா இருந்துச்சுன்னு அவங்களே பின்னாடி வெளிப்படையா பேசிருக்காங்க. எலினார் பம்பர்ஸுக்குக் காணிக்கை போட்ட படத்துல அந்தப் பாட்டி மாதிரி ஒருத்தரோட கதைக்கு எடமில்ல, செத்துப்போறது ஒரு ஆம்பளப் பையன். பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கு, ராப்லயும் சினிமாவுலயும், போராட்டத்துலயும்.

ஆஸ்கர் பத்தி நாலு வரி. திரைக்கதைக்கும், சாலா நடிச்ச டேனி ஐயெல்லோவுக்கும் நாமினேஷன், சிறந்த படம் லிஸ்ட்லயே இல்ல, அந்த வருஷம் ஜெயிச்சது ஒரு வெள்ளக்காரப் பாட்டிக்கும் அவங்க கறுப்பின டிரைவருக்குமான பாசத்தச் சொல்ற 'டிரைவிங் மிஸ் டெய்சி'. 30 வருஷம் கழிச்சு 2019-ல ஸ்பைக் லீ படம் போட்டியில இருந்தப்ப ஜெயிச்சது 'கிரீன் புக்', அதுலயும் ஒருத்தர் ஒருத்தர வண்டியில வச்சு ஓட்டுறார். யாராவது யாருக்காவது கார் ஓட்டினா நான் தோத்துடறேன்னு அன்னிக்கு ராத்திரி அவர் அடிச்ச ஜோக்க இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க.

இந்த சினிமா-ராப் கூட்டணி அமெரிக்காவோட நிக்கல. 1993-ல பாரிஸ்ல போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள வச்சே மகோமே எம்போவொலேங்கிற 17 வயசுப் பையன தலையில சுட்டாங்க, கையில விலங்கு இருந்துச்சு. அதுலேருந்து மாத்யூ கசோவிட்ஸ் எடுத்த பிரெஞ்சுப் படம்தான் 'லா ஹெய்ன்', 1995. அதுல ஒரு பையன் ஜன்னல்ல ஸ்பீக்கர வச்சு போலீஸத் திட்டுற ராப்பையும் பழைய பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் பாட்டையும் கலந்து விடுவான், கேமரா அந்தக் குடியிருப்பு மேல பறக்கும், அந்த ரெண்டு நிமிஷம் போதும். கான்ல பாதுகாப்புக்கு நின்ன போலீஸ் முதுகக் காட்டி நின்னாங்க, பிரதமர் அலென் ஜுப்பே அமைச்சர்களப் பாக்கச் சொன்னார். பாத்தாங்க. அப்பறம் 2005-ல போலீஸ் வெரட்டி, கிளிஷி-சூ-புவால ரெண்டு பசங்க மின்சார நிலையத்துல ஒளிஞ்சு கரண்ட்டு அடிச்சு செத்தப்ப, மூணு வாரம் நாடே எரிஞ்சுது. அமைச்சரவை பாத்ததால எதுவும் மாறலன்னு இதுலேருந்து நீங்க எடுத்துக்கிட்டா நான் மறுக்க மாட்டேன். நம்ம பக்கம்னா, 2018-ல வந்த 'காலா'வுல தாராவி ராப் பசங்களே வந்து பாடுனாங்க, மண்ணோட உரிமைய அந்த மண்ணுல வளந்தவங்க குரல்லயே கேக்க வச்சது எனக்குப் புடிச்சிருந்துச்சு.

சரி, அப்ப என்னதான் மாத்துச்சு? கண்ணத்தான்னு சொல்வேன். 1983-ல மைக்கேல் ஸ்டுவர்ட் செத்தப்ப படம் பிடிக்க ஆளில்ல, சாட்சிங்க ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொன்னாங்க, மருத்துவ அறிக்கை குழப்பம், ஜூரி விட்டுடுச்சு. 1989-ல ஸ்பைக் லீ இல்லாத அந்த ஃபுட்டேஜ நடிகர்கள வச்சு எடுத்துக் காட்டுனார், தடி, கழுத்து, ஆடுற ஷூ. 1991 மார்ச்ல லாஸ் ஏஞ்சலிஸ்ல பிளம்பிங் கம்பெனியில வேலை பாக்குற ஒருத்தர் பால்கனியிலேருந்து ரோட்னி கிங்ங்கிற கறுப்பினத்தவர போலீஸ் அடிக்கிறத கேம்கோடர்ல எடுத்தார், அந்த நிஜ ஃபுட்டேஜ ஸ்பைக் லீ 'மால்கம் எக்ஸ்' ஆரம்பத்துலயே போட்டார். 1993-ல நியூயார்க் போலீஸ் கழுத்தப் புடிக்கிற புடிய அடியோட தடை பண்ணுச்சு. ஆனா அது துறைக்குள்ள ஒரு விதி மட்டும்தான், மீறினா ஜெயில் இல்ல.

2014 ஜூலை 17, ஸ்டேட்டன் ஐலண்ட், சில்லறை சிகரெட் வித்தார்னு எரிக் கார்னர வளைக்கிறாங்க. பெரிய உருவம், பின்னாலருந்து கழுத்துல கை. மூச்சு விட முடியலன்னு 11 தடவ சொல்றார், செத்துப்போறார். நண்பர் ஒருத்தர் போன்ல எடுக்கிறார். அது வெளிய வந்ததும் நெறைய பேருக்கு மொதல்ல ஞாபகம் வந்தது ரேடியோ ரஹீம், ஸ்பைக் லீயும் கார்னர் வீடியோவையும் 25 வருஷத்துக்கு முந்தின தன்னோட சீனையும் மாத்தி மாத்தி வெட்டி ஒட்டி வெளியிட்டார். எந்த ஷாட் சினிமா, எந்த ஷாட் நிஜம்னு ஒரு கணம் தடுமாறும். கேஸ் நடத்தணுமான்னு முடிவு பண்ற கிராண்ட் ஜூரி அந்தப் போலீஸ்காரர் மேல கேஸ் போடல, அந்த அதிகாரிய வேலைய விட்டுத் தூக்கவே 2019 ஆகஸ்ட் ஆச்சு. 2020 மே மாசம் ஜார்ஜ் ஃபிளாய்ட், போலீஸ்காரர் முட்டிக்கால் கழுத்துல அழுத்தி செத்தார். அதுக்கு அடுத்த மாசம், ஜூன்ல, நியூயார்க் மாநிலம் எரிக் கார்னர் பேர்ல ஒரு சட்டம் போட்டுச்சு, போலீஸ் கழுத்த நெரிச்சு ஆளுக்குப் பலத்த காயமோ சாவோ ஆனா பெருங்குற்றம், 15 வருஷம் வரைக்கும் ஜெயில். மைக்கேல் ஸ்டுவர்ட்டுலேருந்து எண்ணினா 37 வருஷம். அத வாங்கிக் குடுத்தது படமா? இல்ல. கார்னரோட அம்மா மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா வாசல் வாசலா ஏறுனதும், தெருவுல எறங்குன லட்சக்கணக்கான ஜனமும்தான். படம் செஞ்சது என்னன்னா, போன் வீடியோ வந்தப்ப "ஏதோ தனி சம்பவம்"னு சொன்னவங்க வாய அடைக்க ஒரு பழைய சாட்சிய தயாரா வச்சிருந்துச்சு.

பாட்டோட வேலை வேற மாதிரி. 2015 ஜூலைல கிளீவ்லாண்ட்ல போராட்டக்காரங்க மாநாடு முடிஞ்சு வெளிய வர்றப்ப, 14 வயசுப் பையன ஒருத்தன போலீஸ் புடிக்க, கூட்டம் சூழ, போலீஸ் மிளகு ஸ்பிரே அடிக்குது. கடைசியில பையன அம்மாகிட்ட விட்டுட்டாங்க, அப்ப கூட்டம் தானா பாடுனது ராப் பாடகர் கென்ட்ரிக் லாமாரோட 'ஆல்ரைட்' பல்லவி. யாரும் சொல்லிக் குடுக்கல, மைக் இல்ல, அந்தப் பல்லவி எல்லார் வாயிலயும் ஏற்கனவே இருந்துச்சு. பயந்து நிக்கிற கூட்டத்துக்கு அந்த நிமிஷம் ஒரே மூச்சக் குடுக்க படத்தால முடியாது, பாட்டால முடியும். சட்டத்தப் பாட்டால மாத்த முடியாது, ஆனா சட்டத்த மாத்தப் போறவங்கள வீட்டுக்குப் போகாம நிறுத்தி வைக்கும்.

கடைசியா, அந்தத் தெருவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன். 1988 கோடையில ஸ்டைவசன்ட் அவென்யூல ஷூட்டிங் நடந்தப்ப காலி மனையில சால் கடைய செட்டாப் போட்டாங்க, அந்த பிளாக்ல இருந்த, கிராக்ங்கிற போதைப்பொருள் விக்கிற எடங்கள மூட வேண்டியிருந்துச்சு. படத்துல ஒரு சின்ன சீன் வரும், சைக்கிள்ல வர்ற ஒரு வெள்ளக்கார ஆள் பக்கின் அவுட்டோட புது ஜோர்டன் ஷூவ அழுக்காக்கிடுவான், இங்க நீ என்ன பண்றன்னு பசங்க கேட்டா, இந்த வீட்ட வாங்கிட்டேன்பான். அப்ப அது ஜோக்கு. 2015-ல அந்த பிளாக்குக்கு 'டூ தி ரைட் திங் வே'ன்னு பலகை மாட்டுனாங்க. இப்ப அந்த ஏரியாவுல பிரவுன்ஸ்டோன்ங்கிற பழைய கல் முகப்பு வீடுங்க மில்லியன் டாலரத் தாண்டிப் போகுது, கறுப்பின மக்களோட பங்கு வருஷா வருஷம் கொறஞ்சுக்கிட்டே வருது, ஸ்பைக் லீ 2014-ல ஒரு மேடையில இதப் பத்தி கண்டபடி கத்தித் தீத்தார். படம் பாக்கப் போறீங்கன்னா அந்த சைக்கிள்காரன மிஸ் பண்ணிடாதீங்க, ரெண்டு நிமிஷம்தான் வருவான்.